கஜந்தி விழுந்து பார்க்கிறாள்

வாசலில் நின்று, சப்பாத்தின் நுனியால் தரையை இரண்டு தரம் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் கஜந்தி உள்ளே வருவாள். ஈரமா, மெழுகு பூசியதா, கால்மிதியின் ஓரம் சுருண்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கோயிலென்றாலும் கடையென்றாலும் கம்யூன் என்கிற நகரசபை அலுவலகமென்றாலும் இதில் மாற்றமில்லை. பின்னால் நிற்பவர்கள் பொறுமையாகக் காத்திருக்கவேண்டியதுதான். என் வீட்டுக் கால்மிதியைப் பதினொரு வருடமாகச் சந்தேகிக்கிறாள். "அக்கா, உதைச் சுருட்டி எறியுங்கோ. உது ஒரு நாளைக்கு ஆரையோ விழுத்தப்போகுது." இன்றுவரை அது யாரையும் விழுத்தவில்லை. அதனால் அவளுடைய சந்தேகம் இன்னும் கூடியிருக்கிறது.

வயது நாற்பத்தெட்டு. டென்மார்க்கில், ஹேர்னிங் என்ற ஊரில், ஒரு முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருடமாகப் பராமரிப்பு வேலை. அதே இல்லத்தின் சமையலறையில் நான் வேலை செய்கிறேன். காலையில் அவளுடைய காரில்தான் போவோம். நான் கார் ஓடுவதில் அவளுக்கு நம்பிக்கையில்லை. நான் வைக்கும் சூப்பிலும் பெரிய நம்பிக்கை கிடையாது. "இண்டைக்கு ஆர் உப்புப் பாத்தது?" என்று கேட்டு, நான்தான் என்றால், கரண்டியைத் திருப்பி வைத்துவிடுவாள்.

அவளுடைய கைத்தொலைபேசியில் காலநிலை சொல்ல இரண்டு செயலிகள் இருக்கின்றன. ஒன்று டென்மார்க்காருடையது, மற்றது நோர்வேக்காருடையது. இரண்டும் வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் நம்பமாட்டாள். இரண்டும் ஒன்றையே சொன்னால், "ஒருத்தன் மற்றவனைப் பாத்து எழுதியிருக்கிறான்" என்பாள். பால் வாங்கினால் பின்வரிசையில் கையை விட்டு எடுப்பாள். யாராவது காரணமில்லாமல் அவளைப் புகழ்ந்தால் அன்று முழுவதும் அந்த ஆளைக் கவனித்துக்கொண்டிருப்பாள். இந்தக் கட்டுரையை எழுதப்போகிறேன் என்று சொன்னபோதும், "எழுதுங்கோ, ஆனா பேரை மாத்துங்கோ" என்றாள். மாற்றினேன். மாற்றிய பெயரைச் சொன்னதும், "அது ஆற்ற பேர்? ஏன் அந்தப் பேர்?" என்று கேட்டாள்.

பழியை முழுவதும் அவள்மேல் போடவும் முடியாது. வேலை அப்படி. எங்கள் இல்லத்தில் முதியவர் யாராவது விழுந்தால் ஓர் அறிக்கை எழுதவேண்டும். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், காலில் என்ன போட்டிருந்தார், தரை எப்படியிருந்தது, யார் பார்த்தது, காரணம் என்ன. மற்றவர்கள் நாலு வரியில் முடிப்பதை கஜந்தி இரண்டு பக்கம் எழுதுவாள். காரணம் என்ற கட்டத்தில் 'தெரியாது' என்று அவள் ஒரு நாளும் எழுதியதில்லை. "காரணம் இல்லாம ஒருத்தரும் விழுறேல்லை அக்கா. ஒண்டில் சப்பாத்து, ஒண்டில் குளிசை, இல்லாட்டி ஆரோ பொய் சொல்லுகினம்." இடுப்பெலும்பு உடைந்து மருத்துவமனைக்குப் போய், திரும்பி வராதவர்களின் கட்டில்கள் எத்தனையோ அவள் விரித்து மடித்திருக்கிறாள்.

ஒரே பிள்ளை ஜெனுஷா, பதினாறு வயது. மகள் ஆசைப்படும் எதையும் முதலில் தான் செய்து பார்ப்பது கஜந்தியின் வழக்கம். பிள்ளைக்கு ஐந்து வயதில் ஒரு பிறந்தநாள் வீட்டில் துள்ளுகிற வலைக்கட்டில் வைத்திருந்தார்கள். கஜந்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறித் துள்ளினாள். வந்திருந்த அம்மாமார் எல்லாரும் பலகாரத் தட்டோடு நின்று பார்த்தோம். நீச்சல் வகுப்புக்குப் பிள்ளை கேட்டபோது, முப்பத்தொன்பது வயதில் தானே போய் ஆறு மாதம் பழகினாள். தண்ணீரைப் பற்றி அவளுக்கு இன்றும் நல்ல அபிப்பிராயம் இல்லை, ஆனால் ஜெனுஷா நீந்துகிறாள்.

போன ஒக்டோபரில் ஒரு கடிதம் வந்தது. ஜெனுஷா பத்தாம் வகுப்பை எஃப்டர்ஸ்கோலயில் படிக்கிறாள். அது ஒரு வருடம் அங்கேயே தங்கிப் படிக்கும் பள்ளி. இரண்டு கிழமைக்கு ஒருதரம்தான் வீட்டுக்கு வருவாள். அதற்கு அனுமதி கொடுத்த கதையே தனிக் கதை. இப்போது அந்தப் பள்ளி முழுவதும் வருடத்தின் ஐந்தாம் வாரத்தில், அதாவது ஜனவரிக் கடைசியில், நோர்வே மலைக்குப் போகிறது. டென்மார்க்கில் ஜனவரி, பெப்ரவரி என்று யார் சொல்கிறார்கள், எல்லாம் வாரக் கணக்குத்தான். ஸ்கீயா, ஸ்னோபோர்ட்டா, இதற்கு முன் செய்ததுண்டா, எல்லாவற்றுக்கும் கட்டங்கள் இருந்தன. ஜெனுஷா ஸ்னோபோர்ட் என்பதிலும் முதல் தரம் என்பதிலும் புள்ளடி போட்டிருந்தாள். பெற்றோர் கையெழுத்து டிசம்பர் பதினைந்துக்குள் வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் பிள்ளை அந்த வாரம் வீட்டில்.

கஜந்தி கடிதத்தை மூன்று தரம் படித்தாள். "ரெண்டு காலையும் ஒரே பலகையில பூட்டிப்போட்டு மலையில இருந்து விடுறது. உதை ஆர் கண்டுபிடிச்சது? அந்த நேரம் அவன்ர அம்மா எங்கை நிண்டவ?"

"ஸ்லப் அஃப், மோர்," என்றாள் ஜெனுஷா. கொஞ்சம் ஆறுதலாக இருங்கள் அம்மா என்று அர்த்தம். அந்த வீட்டில் அடிக்கடி கேட்கும் டேனிஷ் வசனம் அதுதான்.

"ஸ்கீ எண்டா ஒவ்வொரு காலும் தனித்தனி. விழப்போனாலும் ஒரு காலை ஊண்டலாம். அதை விட்டிட்டு ஏன் இதை எடுத்தவள்? ஆரோ ஏத்திவிட்டிருக்கினம்," என்று கஜந்தி என்னிடம் காரில் சொன்னாள். கணவர் பாலேந்திராவுக்கு இக்காஸ்ட்டில் தொழிற்சாலை வேலை, அமைதியான மனிதர். "இஞ்சரும், அவளை விடும்" என்றாராம். எதற்கும் அவர் அதைத்தான் சொல்லுவார் என்பதால் அந்த மறுமொழியை கஜந்தி கணக்கில் எடுப்பதில்லை. "நான் விழுந்து பாத்துத்தான் கையெழுத்து வைப்பன்."

சரி, எங்கே போய் விழுவது? டென்மார்க்கில் மலை கிடையாது. வானமலை என்று பெயர் வைத்து ஒன்றைக் கொண்டாடுகிறார்கள், உயரம் நூற்றைம்பது மீற்றர்கூட இல்லை. ஏறி முடிந்தபிறகும் கதையை நிறுத்தாமல் கதைத்துக்கொண்டிருக்கலாம். பனியும் இப்போதெல்லாம் இரண்டு நாள் தலைகாட்டிவிட்டுச் சேறாகிப் போகிறது.

முதலில் கோபன்ஹேகன். ஹ்விடோவ்ரேயில் இருக்கும் மச்சாளின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்குப் போன இடத்தில், குப்பை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையின் கூரையில் சறுக்குகிறார்கள் என்று யாரோ சொல்ல, சடங்கு முடிந்த அடுத்த நாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பச்சை நிறப் பிளாஸ்ரிக் மயிர் முளைத்த நீளமான சரிவு. பக்கத்தில் புகைபோக்கி. குனிந்து அந்த மயிரை உள்ளங்கையால் தடவினாள். "பிரஷ்," என்றாள். "சட்டி கழுவுற பிரஷ். மேல சறுக்குகினம், கீழ எரியுது. நடுவில என்ன இருக்கெண்டு ஆரும் சொல்லுகினமில்லை." அரை மணித்தியாலம் நின்று பார்த்தோம். எல்லாரும் நன்றாக வழுக்கி வந்தார்கள். அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. "ஒருத்தரும் விழேல்லை, பாத்தனீங்களோ? விழுற ஆக்களுக்கு இஞ்சை இடமில்லை. வாங்கோ போவம்."

வேலையிடத்தில் பிர்கிட்ட என்ற டேனிஷ்க்காரி ஒருத்தி இருக்கிறாள். சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் மலைக்குப் போகிறவள். அவள் விளக்கமாகவே சொன்னாள். முதல் நாள் பெரிய மலைக்குப் போகாதே. குட்டையான, சாய்வு குறைந்த இடமாகப் பார். கதிரை லிஃப்ற் வேண்டாம், நின்றபடி ஏற்றிச்செல்லும் பட்டி இருக்கிற இடம் நல்லது. சொல்லித்தர ஆள் எடு, கூட்டாளிமாரிடம் பழகாதே. நல்ல புத்திமதிதான். கஜந்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, சமையலறைக்கு வந்து என் காதில் சொன்னாள்: "உவவின்ர தங்கச்சிக்கு நோர்வேயில வாடகைக்கு விடுற வீடு இருக்கு, தெரியுமோ?"

இருந்தாலும் பிர்கிட்ட சொல்லாத ஒன்றை அவளே கண்டுபிடித்தாள். ஒவ்வொரு மலையின் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "எல்லாரும் தொடங்கிற இடத்தைத்தான் காட்டுகினம். சரிவு முடியிற இடத்தில என்ன இருக்கு? மரமோ, றோட்டோ, வேலியோ? பழகிறவளுக்கு நிக்கத் தெரியாது. நிலம்தான் அவளை நிப்பாட்டவேணும்." இதைப் பிர்கிட்டவிடம் சொன்னபோது அவளே ஒத்துக்கொண்டாள். அது சரியான கேள்வியாம். சமதரையில் போய் முடிகிற, கொஞ்சம் மேல்நோக்கி எழும்புகிற சரிவுதான் பழகத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றதாம்.

கடைசியில் ஓகூஸ் நகரப் பக்கம், பழைய களஞ்சியக் கட்டடம் ஒன்றுக்குள் ஓர் இடம் அகப்பட்டது. சாய்த்து வைத்த மிகப்பெரிய கம்பளம் ஒன்று மேல்நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். அதில் நின்று கீழ்நோக்கிச் சறுக்கினால், ஆள் நிற்கிற இடத்திலேயே நிற்பார். கையைப் பிடிக்க முன்னால் ஒரு நீளக் குழாய். முடிவென்று ஒன்று இல்லாத சரிவு என்பதால் முடிகிற இடத்தைப் பற்றிய கவலையும் இல்லை. சொல்லித்தருகிறவள் பெயர் லோன, ஐம்பது வயதிருக்கும், ஒரு முழங்காலில் பட்டி கட்டியிருந்தாள். முழங்கால் பட்டியைக் கண்டதும் கஜந்திக்கு அவளில் ஓரளவு மரியாதை வந்தது, விழுந்த மனுசி. பிறகு கம்பளத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அமுக்கிக்காட்டச் சொன்னாள். லோன அமுக்கினாள். இன்னொரு தரம் என்றாள். நாலாம் தரம் லோன, "இது ஒவ்வொரு முறையும் நிற்கும்" என்று சொன்னாள். "நிக்கும் எண்டு சொல்லுற சாமான்தான் நிக்காது," என்று கஜந்தி தமிழில் என்னிடம் சொன்னாள்.

பலகையைப் பூட்டுவதற்கு முன் ஒன்று தெரியவேண்டும். பனியில் சிலருக்கு இடது கால் முன்னே போகும், சிலருக்கு வலது கால். அது அவரவர் உடம்பின் பழக்கம். அறிவதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆளை நேராக நிற்கவைத்து, எதிர்பாராத நேரம் பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளுவார்கள். எந்தக் கால் தன்பாட்டில் முன்னே எட்டி வைக்கிறதோ, அதுதான் முன்கால். லோன பின்னால் போனாள். கஜந்தி திரும்பினாள். லோன மறுபடி பின்னால் போனாள், கஜந்தி மறுபடி திரும்பினாள். இரண்டு பேரும் இப்படியே ஒரு வட்டம் சுற்றி வந்தார்கள். "பின்னுக்கு வந்து நிக்கிறாள் அக்கா. கவனமா இருங்கோ," என்று எனக்கு எச்சரிக்கை வேறு.

லோன களைத்துப்போய், வாயாலேயே கேட்டாள். எங்காவது அடியெடுத்து வைக்கும்போது எந்தக் காலை முதலில் வைப்பாய்?

"வலது," என்றாள் கஜந்தி. யோசிக்கவே இல்லை. கலியாணம் கட்டி டென்மார்க்குக்கு விமானம் ஏறிய நாளிலிருந்து, புது வீட்டுக்கு, புது வேலைக்கு, பிள்ளைப்பேற்று அறைக்கு, புதுக் காருக்கு, எல்லாவற்றுக்கும் வலது காலைத்தான் வைத்திருக்கிறாள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். நல்லதொரு காரியம் தொடங்கும்போது யார்தான் இடது காலைச் சொல்லுவார்கள்? லோன வலது காலை முன்னுக்கு வைத்துப் பலகையைப் பூட்டினாள்.

நவம்பரில் மூன்று ஞாயிற்றுக்கிழமை போனோம். மூன்றிலும் கஜந்தி விழுந்ததைத்தான் பார்த்தேன். முன்னால் விழுந்தாள், பின்னால் விழுந்தாள், நின்ற நிலையிலேயே மடிந்து இருந்தாள். ஐந்து வயதுப் பிள்ளைகள் பக்கத்துக் கம்பளத்தில் வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டு சறுக்கினார்கள். லோன தலையைச் சொறிந்தாள். இவ்வளவு உறுதியான கால் உள்ளவள் ஏன் இப்படி விழுகிறாள் என்று அவளுக்கு விளங்கவில்லை. நான் ஒரு தரம் சிரித்துவிட்டேன், அதை ஒத்துக்கொள்ளுகிறேன்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு விழுகைக்கும் கஜந்தி அறிக்கை எழுதினாள். இல்லத்தில் எழுதுகிற அதே ஒழுங்கில், ஒரு கொப்பியில். நேரம், இடம், காலணி, தரை, பார்த்தவர். காரணம் என்ற இடத்தில் 'பலகை' என்று இருந்தது. அதற்குக் கீழே 'கம்பளத்தின் வேகம்'. அதற்குக் கீழே 'லோன'. மூன்றாம் ஞாயிறில் ஓரிடத்தில் 'அக்கா சிரிச்சது' என்று எழுதியிருந்ததை நானே பார்த்தேன். அந்தக் கொப்பியைப் பாலேந்திராவுக்கும் காட்டவில்லை, மகளுக்கும் காட்டவில்லை.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை ஜெனுஷா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் பொரித்த ரோல்ஸ் கொண்டுபோயிருந்தேன். கடிதம் மேசையில் கிடந்தது.

"இது சரிவராது பிள்ளை. நான் பாத்தனான்," என்றாள் கஜந்தி.

"விழுந்தனீங்களோ?"

"நான் ஏன் விழுறன்? பாத்தன், சரிவராது. அவ்வளவுதான்."

ஜெனுஷா கடகடவென்று டேனிஷில் ஏதோ சொன்னாள். பிறகு நிறுத்தி, தாய்க்கு வடிவாக விளங்கவேண்டும் என்பதற்காகத் தமிழில் சொன்னாள். "அது பலகை இல்லை அம்மா. உங்களுக்கு என்னிலதான் சந்தேகம்." கடிதத்தை எடுத்துத் தாயின் கைக்கு முன்னால் வைத்துவிட்டு மேலே போய்க் கதவைச் சாத்தினாள். பாலேந்திரா என்னைப் பார்த்தார், நான் ரோல்ஸைப் பார்த்தேன். யாருக்கும் சாப்பிட மனமில்லை.

திங்கட்கிழமை வழக்கம்போலக் காரில் போனோம். இக்காஸ்ட் வீதிச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது கஜந்தி சொல்லத் தொடங்கினாள். மகளுக்குப் பன்னிரண்டு வயதில் நடந்தது. பள்ளிக்கூடம் போகும் வழியில் சைக்கிளால் விழுந்து கையை ஊன்றியிருக்கிறாள். வீங்கிய மணிக்கட்டை நீளக் கைச்சட்டைக்குள் மறைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்திருக்கிறாள். படம் எடுத்துப் பார்த்தால் எலும்பில் வெடிப்பு. "ஏன் சொல்லேல்லை எண்டு கேட்டன். சொன்னா சைக்கிளை வித்துப்போடுவியள் எண்டாள். நான் வித்துத்தான் போட்டன் அக்கா." விளக்கு பச்சையாகிவிட்டது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். "ஊரில இருக்கிற கிழடுகட்டை எல்லாம் விழுந்தா ஓடிப்போய் எழுதிறன். என்ர பிள்ளை எங்கை விழுந்தாலும் எனக்குச் சொல்ல மாட்டாள். அங்கை போய் விழுந்தாலும் சொல்ல மாட்டாள். அதுதான் எனக்குப் பயம்."

அன்றைக்கு முதல் தடவையாக எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. பனியும் பலகையும் ஒரு பக்கம் கிடக்கட்டும். தன் சந்தேகம்தான் பிள்ளையின் வாயை மூடவைத்தது என்பது இவளுக்குத் தெரிந்தே இருக்கிறது. தெரிந்தும் விடமுடியவில்லை.

டிசம்பர் இரண்டாம் கிழமை. கடைக்கு முன்னால் காரை நிறுத்தினோம். இரவு பெய்த மழை உறைந்து, தார் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிப் படலம். கஜந்தி தேய்த்துப் பார்க்காமல் இறங்கினாள், ஏனென்றால் கண் தொலைபேசியில் இருந்தது. ஜெனுஷா இந்தக் கிழமை வரமாட்டாளாம், பள்ளியில் நிறைய வேலையாம். படித்துக்கொண்டே ஓரடி வைத்தாள், வழுக்கியது. நான் கத்தினேன். அவள் விழவில்லை. ஒரு காலை முன்னே நீட்டி, முழங்கால் இரண்டையும் மடித்து, இரண்டு மீற்றர் தூரம் வடிவாக வழுக்கிப் போய்த் தள்ளுவண்டில்களுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா," என்றாள், தன் காலைப் பார்த்தபடி. "எந்தக் கால் முன்னுக்குப் போனது?"

"இடது."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"இடதுதான், கஜந்தி."

என்னை நம்பாமல் திரும்ப வந்து, இன்னொரு தரம் வழுக்கினாள். பிறகும் ஒரு தரம். மூன்று முறையும் இடது கால். தள்ளுவண்டில் எடுக்க வந்த ஒரு டேனிஷ்க்காரர், உதவி வேண்டுமா என்று கேட்டார். "வேண்டாம்" என்று சொல்லி அவரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

அடுத்த நாள் இல்லத்தில், வேலை தொடங்க முன், அவள் செய்ததை, கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். பிர்கிட்டவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். "தள்ளு," என்றாள். "எப்போது தள்ளப்போகிறாய் என்று எனக்குச் சொல்லாதே." கண்ணை இறுக்கி மூடியிருந்தாள், தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது. பிர்கிட்ட தள்ளினாள், இடது. துப்புரவு செய்கிற பற்றிமாவைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னாள், இடது. கடைசியாக என்னிடமும் முதுகைக் காட்டினாள். நானும் தள்ளினேன்.

அன்று மத்தியானம் அந்தக் கொப்பியை எடுத்து வந்து சமையலறை மேசையில் வைத்து, காரணம் என்ற இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாக வெட்டினாள். பலகை போனது, கம்பளம் போனது, லோன போனாள், என் சிரிப்பும் போனது. எல்லாவற்றுக்கும் பதிலாக ஒரே வசனத்தை எழுதினாள்: 'கேட்டதற்கு நான் சொன்ன மறுமொழி.' எழுதி முடித்துப் பேனையை மூடிவிட்டு, "அவள் நியாயமாத்தான் கேட்டவள் அக்கா. நான்தான் சாமிப் படத்துக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லிப்போட்டன்," என்றாள்.

டிசம்பர் பதினான்கு, ஞாயிறு. லோன பலகையை மாற்றிப் பூட்டினாள். கம்பளம் ஓடத் தொடங்கியது. கஜந்தி குழாயைப் பிடித்தாள், விட்டாள், நின்றாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். லோன கை தட்டினாள், ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றும் சேர்ந்து தட்டியது. கஜந்தியின் முகத்தில் மகிழ்ச்சி என்று சொல்ல ஒன்றும் தெரியவில்லை. "இவ்வளவு லேசா இருக்கேலாது," என்று மட்டும் சொன்னாள்.

திரும்பி வரும்போது வழியில் காரை நிறுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மகளுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"பிள்ளை, நான் பிழையான காலைச் சொல்லிப்போட்டன். அதுதான் சரிவராது எண்டு நினைச்சன். இப்ப மாத்தியாச்சு. கையெழுத்து வைக்கிறன், நீ போ."

 தன்னில் பிழை என்று தாய் சொல்லி அந்தப் பிள்ளை இதற்கு முன் கேட்டிருக்காது. "அப்ப விழுந்தனீங்களோ?" என்றாள் ஜெனுஷா.

"ஒருக்கா. மெதுவா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மற்றது, பின்னால இருந்து ஆரும் தள்ளினா திரும்பிப் பாக்காதை. தள்ள விடு." அதோடு வைத்துவிட்டாள். வழக்கமாக இப்படியான அனுமதிகளோடு ஒரு பட்டியலும் போகும். காலை ஒரு படம், மாலை ஒரு படம், ஆசிரியரின் இலக்கம். இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு அவள் பட்ட பாட்டை ஸ்ரியறிங்கைப் பிடித்திருந்த விரல்களில் பார்த்தேன். பள்ளிக்கு மட்டும் எடுத்து, பழகுகிற சரிவு எங்கே போய் முடிகிறது என்று ஆசிரியரிடம் கேட்டாள். சமதரை, அதற்குப் பிறகு சின்ன ஏற்றம் என்றார் அவர். இரண்டாம் ஆசிரியரிடமும் கேட்டு ஒத்துப்பார்த்துவிட்டுத்தான் நீலப் பேனையால் கையெழுத்து வைத்தாள்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் களஞ்சியத்துக்குப் போகிறாள். பிள்ளைக்குத்தான் அனுமதி கொடுத்தாகிவிட்டதே, பிறகு ஏன் என்று கேட்டேன். "இப்ப நிப்பாட்டினா, ஏன் நிப்பாட்டினவள் எண்டு லோனவுக்குச் சந்தேகம் வரும்," என்றாள். குழாயைப் பிடிக்காமல் திரும்பப் பழகுகிறாள். திரும்புவது நிற்பதைவிடக் கடினமாம்.

ஐந்தாம் வாரம் வந்தது. திங்கள் ஒரு செய்தியும் இல்லை. செவ்வாய் காலை நோர்வேயின் காலநிலையை இரண்டு செயலியிலும் பார்த்துவிட்டு இரண்டையும் திட்டினாள். முதியவர் ஒருவருக்கு ஊட்டிக்கொண்டிருக்கும்போதும் சட்டைப்பைக்குக் கை போய்ப் போய் வந்தது. எனக்கே பொறுக்கவில்லை. இரண்டு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் ஓய்வறையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அதிர்ந்தது.

ஒரு படம். மடித்துவிட்ட கைச்சட்டை, முழங்கையில் கருநீலமாக ஒரு கண்டல். கீழே ஒரு வரி டேனிஷில். இன்றைக்கு இதுவரை ஒன்பது தரம் விழுந்தேன். அவ்வளவுதான், விளக்கமில்லை.

இனி ஆசிரியருக்கு அழைப்புப் போகும், பாலேந்திராவுக்குப் போகும், பிள்ளையை இறக்கிக்கொண்டுவர விமானம் தேடப்படும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். கஜந்தி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். கண்டலின் ஓரத்தைப் பார்த்தாள், நடுவைப் பார்த்தாள். நிறத்தை வைத்து எப்போது பட்டது என்று சொல்லக்கூடியவள். "இண்டையான்," என்றாள் மெதுவாக. "மறைச்சு வைச்சு அனுப்பேல்லை." மூக்கை உறிஞ்சினாள். கோப்பியை ஒரு பக்கம் தள்ளி வைத்தாள்.

"கதவைச் சாத்துங்கோ அக்கா."

சாத்தினேன். கஜந்தி தொலைபேசியை என் கையில் தந்துவிட்டு, ஒரு காலைத் தூக்கிக் கதிரையில் வைத்து, சீருடைக் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டினாள். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை பழையதும் புதியதுமாக, மஞ்சளும் ஊதாவும் கறுப்பும். பக்கத்தில் இருந்து வேலை செய்கிற எனக்கே இவ்வளவு என்று தெரியாது. காலை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டு, "எடுங்கோ," என்றாள். "பிள்ளைக்கு ஒண்டும் விடாமத் தெரிய வேணும்."